சொல்லுக்கு ஒரு சதம்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரும் வரையிலுள்ள மாதங்கள் நம் நாட்டு இல்லங்களில் ஒரு விசித்திரமான காலம். புத்தகங்கள் அலுமாரிக்குள் புகுந்துவிடும். பல்கலைக்கழகமோ உத்தியோகமோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இராது. "பொழுதை வீணாக்காமல் ஏதாவது செய்" என்று தந்தையார் நாளுக்கு மும்முறை நினைவூட்டுவார். இந்நிலையில் பிள்ளைகள் பலர் கைத்தொலைபேசியிற் கண்ட ஒரு விளம்பரத்தைப் பெற்றோரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கின்றனர். வீட்டிலிருந்தவாறே ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி அமெரிக்க டொலரிற் பணம் சம்பாதிக்கலாம் என்பதே அவ்விளம்பரத்தின் சாரம். அது மெய்யோ, கண்கட்டு வித்தையோ என்று பெற்றோர் திகைக்கின்றனர். சிலர் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். வேறு சிலர் நகையை அடகுவைத்துக் கணினி வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். இரண்டுக்கும் இடையில் நின்று இவ்விடயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்றென எண்ணி இவ்வாரம் அதனை எடுத்துக்கொண்டோம்.

தொழில் மெய்யானதே. அதன் பெயரால் நடமாடும் பொய்களும் மிகப் பல. முதலில் மெய்யைப் பார்ப்போம்.

இக்காலத்தில் வியாபாரி எவராயினும் அவருக்கு இணையத்தில் ஒரு தளம் வேண்டியிருக்கின்றது. பல்வைத்தியருக்கும் வேண்டும், நாய்க்குட்டிக்கு உணவு விற்பவருக்கும் வேண்டும், கூரை திருத்துபவருக்கும் வேண்டும். தளம் இருந்தாற் போதுமா? அதிற் படிப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். பல்வைத்தியர் பல் பிடுங்குவாரா, பல்லைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பாரா? ஆகவே அவர் அவ்வேலையை ஒரு முகவர் நிலையத்திடம் ஒப்படைக்கின்றார். நிலையமோ தன்னிடம் பதிந்துள்ள நூற்றுக்கணக்கான சுயேச்சை எழுத்தாளர்களுள் ஒருவருக்கு அதனைக் கொடுத்து, எழுதி வாங்கி, வைத்தியரிடம் சேர்த்து, இரு பக்கத்துக்கும் நடுவில் நின்று தன் பங்கை எடுத்துக்கொள்கின்றது. எழுதியவர் பெயர் எங்கும் வராது. வைத்தியரும் எழுத்தாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதுமில்லை.

இது நமக்கு முற்றிலும் புதிய சங்கதியன்று. கச்சேரி வாசலிலும் நீதிமன்ற வளவிலும் தட்டச்சுப் பொறியுடன் அமர்ந்து பிறருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோரை மூத்த வாசகர்கள் மறந்திரார். கையொப்பம் விண்ணப்பதாரருடையது, கூலி எழுதியவருடையது. வசனம் நன்றாயிருந்தாற் காணி கிடைக்கும். ஆயினும் எழுதியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. அதே தொழில்தான் இன்று கடல் கடந்து நடக்கின்றது.

கூலிக்கு எழுதுவது இழிவென்று கருதுவோர் என்றும் உளர். இலண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் என்னும் இடத்தையடுத்துக் கிரப் வீதி என்றொரு வீதி இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வறிய எழுத்தாளர்கள் பலர் அப்பகுதியில் வாழ்ந்து, பதிப்பாளர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தமையால், அவ்வீதியின் பெயரே ஒரு வசைச்சொல்லாயிற்று. 1830இல் அவ்வீதிக்கு மில்டன் வீதி என்று கௌரவமான பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ஆங்கில அகராதியை 1755இல் வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் தமது இளமையில் அவ்வாறே சஞ்சிகைக்குக் கூலியெழுத்து எழுதியவர்தாம். 1759இல் தாயாரின் ஈமச்செலவுக்குப் பணம் வேண்டி ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் அவர் எழுதி முடித்த 'ராசெலஸ்' என்னும் கதை இன்றும் வாசிக்கப்படுகின்றது. எனவே கூலியெழுத்து என்று கேட்டவுடன் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. கூலி எவ்வளவு, எதற்கு என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

உதாரணத்துக்கு ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். டெக்ஸ்ட்புரோக்கர் என்பது 2005இல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் அமெரிக்கத் தளம் அந்நாட்டில் வதிவோருக்கே உரியதாக இருந்து வந்தமையால் நம் பிள்ளைகளை அதிற் சேரச் சொல்லி நாம் இதனைக் குறிப்பிடவில்லை. அதன் விதிகள் வெளிப்படையானவை. ஏனைய நிலையங்கள் பலவும் ஏறக்குறைய அதே முறையையே பின்பற்றுகின்றன. அதனாலேயே எடுத்துக்கொண்டோம்.

அங்கு சேர விரும்புபவர் முதலில் ஒரு மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து நிலையத்தின் ஆசிரியர் குழு அவருக்கு இரண்டு முதல் நான்கு நட்சத்திரம் வரையில் ஒரு தரம் வழங்கும். ஐந்தாம் நட்சத்திரம் பெறத் தனியாக ஒரு பிழைதிருத்தப் பரீட்சையிலும் தேற வேண்டும். தரத்துக்கேற்பவே கூலி. அமெரிக்கத் தளத்திற் பல ஆண்டுகளாக நடப்பிலிருந்த விகிதம் இது: இரண்டாந் தரத்தவருக்குச் சொல்லொன்றுக்கு 0.7 அமெரிக்கச் சதம், மூன்றாந் தரத்தவருக்கு 1 சதம், நான்காந் தரத்தவருக்கு 1.4 சதம், ஐந்தாந் தரத்தவருக்கு 5 சதம்.

இங்கேதான் மாணவ நண்பர்கள் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும். நானூறு சொற்கொண்ட கட்டுரை ஒன்றுக்கு இரண்டாந் தரத்தில் 2.80 டொலர், மூன்றாந் தரத்தில் 4 டொலர், நான்காந் தரத்தில் 5.60 டொலர், ஐந்தாந் தரத்தில் 20 டொலர். நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறும் படி எத்துணை உயரமானது என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்படிகளில் மாதக்கணக்கில் உழைப்பதைக் காட்டிலும் மேற்படிக்கு ஏறுவதற்காகச் சில வாரம் இலக்கணம் படிப்பது இலாபகரமானது என்பது இக்கணக்கிலேயே தெரிகின்றது.

விளம்பரங்கள் கூலியைச் சொல்லளவிலோ கட்டுரையளவிலோ சொல்லும். மணித்தியாலக் கணக்கை ஒருபோதும் சொல்லா. நீங்கள் பார்க்க வேண்டியதோ அதுவே. நானூறு சொல் எழுதுவதற்கு முன் வேலைக்குறிப்பைப் படிக்க வேண்டும். விடயத்தைத் தேடி வாசிக்க வேண்டும். எழுதியபின் பிழை பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் திருத்திக் கொடுக்கவும் வேண்டும். புதியவருக்கு இவையெல்லாம் சேர்ந்து மூன்று மணித்தியாலம் ஆவது அரிதன்று. நான்கு டொலரை மூன்றாற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 1.33 டொலர். அதே கட்டுரையைப் பழகிய கை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். தொழில் ஒன்றே, கூலியும் ஒன்றே. ஆனால் ஒருவர் மற்றவரின் மும்மடங்கு பெறுகின்றார். ஆகவே முதல் மாதத்திலேயே இவ்வளவு சம்பாதிப்பேன் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்கித் திகதி, கட்டுரையின் பெயர், சொற்றொகை, செலவான நேரம், கிடைத்த பணம் என்று ஐந்து நிரல் கீறிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அக்கொப்பியை ஒழுங்காக எழுதினால், இத்தொழிலில் நிற்கலாமா விடலாமா என்பதை அதுவே சொல்லிவிடும். அயலாரின் ஆலோசனை தேவைப்படாது. எமது ஆலோசனையும் தேவைப்படாது.

இனி மாதிரிக் கட்டுரைக்கு வருவோம். முதற் கட்டுரையே உங்கள் தரத்தை நிர்ணயிக்கின்றது. பலர் அதனை இரவோடிரவாக எழுதி அனுப்பிவிட்டு, இரண்டு நட்சத்திரம் கிடைத்ததென்று வருந்துகின்றனர். தலைப்பை நீங்களே தெரிவு செய்யலாமாயின், பூகோள வெப்பம், உலக சமாதானம் முதலியவற்றை விட்டுவிடுங்கள். அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியதையே நீங்களும் எழுதுவீர்கள். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுவது எப்படி, கிணற்றுநீர் கலங்கினால் என்ன செய்வது, பத்து வயதுத் தம்பிக்குப் பின்னக் கணக்கு விளங்கவைப்பது எப்படி என்பன போன்ற, உங்கள் கை பழகிய விடயமொன்றை எழுதுங்கள். கை பழகிய விடயத்தைச் சொல்லும்போது வசனம் தானே நிமிர்ந்து நிற்கும்.

ஆங்கிலப் பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லை, சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். தமிழை வீட்டுமொழியாகக் கொண்டோர் ஆங்கிலத்தில் விடும் தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் வருவன அல்ல. தமிழின் பழக்கத்தால் வருவன. பெயர்ச்சொல்லுக்கு முன் ஆங்கிலத்தில் வரும் 'ஏ', 'த' என்னும் சிறு சொற்களுக்கு நிகரானவை தமிழில் இல்லை. ஆதலால் நாம் அவற்றை வேண்டிய இடத்தில் விட்டுவிடுவோம், வேண்டாத இடத்திற் சேர்த்துவிடுவோம். மற்றொன்று காற்புள்ளி. தமிழில் 'எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டான்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்; வசனம் முறியாது. அந்தப் பழக்கத்தில் நாம் ஆங்கிலத்திலும் முழு வசனங்கள் இரண்டையோ மூன்றையோ வெறுங் காற்புள்ளியாற் கோத்துவிடுகின்றோம். ஆங்கில ஆசிரியர் கண்ணுக்கு அது பெரும் பிழை. இவ்விரு குறைகளை மட்டும் களைந்தாலே கட்டுரையின் தோற்றம் மாறிவிடும். எழுதியதை ஒருநாள் ஆறவைத்து, மறுநாள் உரத்து வாசித்துப் பாருங்கள். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும்.

எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். நாம் பாடசாலையிற் கற்றது பிரித்தானிய முறை. அமெரிக்க வாடிக்கையாளர் தம் நாட்டு முறையையே எதிர்பார்ப்பார். வெப்பநிலையை அவர் பரனைற்றிற் சொல்வார், நீளத்தை அடியிலும் அங்குலத்திலும் சொல்வார். அவ்வூரில் வாழ்ந்தவர் போற் பாசாங்கு செய்யாமல், சரிபார்த்த தகவலை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு. பனி பெய்யும் ஊரின் கூரையைப் பற்றிப் பனியே காணாதவர் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அக்கூரையைப் பற்றி ஒரு கட்டுரையை வாசித்துவிட்டு எழுதுபவருக்கும் ஐந்தை வாசித்துவிட்டு எழுதுபவருக்கும் உள்ள வித்தியாசம் முதற் பந்தியிலேயே தெரிந்துவிடும்.

வாசித்ததைப் பெயர்த்தெழுதுவது வேறு, விளங்கிக்கொண்டு எழுதுவது வேறு. நிலையங்கள் கொப்பிஸ்கேப் முதலிய பொறிகளைக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையையும் சோதிக்கின்றன. பிறர் வசனம் அகப்பட்டால் அன்றே கணக்கை மூடிவிடுவர். பாடசாலையிற் கொப்பியடித்தவர் வகுப்புக்கு வெளியே நின்று மீண்டும் உள்ளே வரலாம். இங்கே மீண்டும் வர இயலாது.

வேலை கிடைத்தபின் வரும் ஓடர்களைக் கண்டு புதியவர் சிலவேளை சிரிப்பர். "இன்ன ஊரில் மலிவான குழாய் திருத்துநர்" என்னும் சொற்றொடரை முந்நூறு சொல்லுக்குள் நான்கு முறை நுழைக்க வேண்டும் என்பார்கள். இதனைத் திறவுச்சொல் என்பர். குழாய் வெடித்து நீர் பாயும் வேளையில் ஒருவர் தேடுபொறியில் எச்சொல்லைத் தட்டுவாரோ அச்சொல் தம் தளத்தில் இருக்க வேண்டுமென்பது வாடிக்கையாளரின் ஆசை. அதனை இயல்பாக வசனத்திற் பொருத்துவதும் ஒரு வித்தைதான். வெண்பாவிலே கொடுத்த ஈற்றடியை வைத்துப் பாடி முடித்த புலவரின் பரம்பரையில் வந்தவர்களுக்கு அது முடியாத காரியமன்று.

இந்தத் திறவுச்சொல் வியாபாரத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரே நிறுவனத்தின் கதையிற் காணலாம். அமெரிக்காவில் 2006இல் தோன்றிய டிமாண்ட் மீடியா என்னும் நிறுவனம், மக்கள் தேடுபொறியில் எதைத் தேடுகின்றனர் என்று கணினியாற் கணக்கிட்டு, அத்தலைப்புகளை எழுத்தாளருக்குக் கொடுத்து, கட்டுரையொன்றுக்குப் பொதுவாக 15 டொலர் அளவிற் கூலி கொடுத்து, ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தது. 2011 ஜனவரியில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதன் சந்தை மதிப்பு நியூயோர்க் டைம்ஸ் கம்பனியின் மதிப்பையே விஞ்சியதெனப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதமே, அதாவது 2011 பெப்ரவரியில், கூகிள் நிறுவனம் தன் தேடுமுறையை மாற்றியது. பாண்டா என்று பெயர்பெற்ற அம்மாற்றம் ஆழமற்ற கட்டுரைகள் நிறைந்த தளங்களைப் பின்வரிசைக்குத் தள்ளியது. நிறுவனம் தளர்ந்தது, அதற்கு எழுதியோரின் வேலையும் சுருங்கிற்று. 2016இல் அது தன் பெயரையே மாற்றிக்கொண்டது. கட்டுரை எழுதிய ஏழை எழுத்தாளர் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு கணக்கு மாறியது, அவ்வளவே. ஆதலால் ஒரே நிலையத்தை நம்பி வாழ்க்கையை அமைக்க வேண்டாம் என்று சொல்வதில் நாம் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கின்றோம். இரண்டு மூன்று இடங்களிற் பதிந்திருங்கள். படிப்பைத் தொடர வாய்ப்புள்ளவர் அதனை இதற்காக நிறுத்த வேண்டாம்.

பெரும்பாலான நிலையங்களிற் கூலி பெற்றவுடன் கட்டுரையின் முழு உரிமையும் வாடிக்கையாளருக்குப் போய்விடும். அவர் அதில் தம் பெயரையே போட்டுக்கொள்ளலாம். நீங்கள் அதனை வேறிடத்தில் வெளியிடலாகாது. வாடிக்கையாளர் ஏற்காது நிராகரித்த கட்டுரை எழுதியவருக்கே உரியதென்பது டெக்ஸ்ட்புரோக்கரின் விதி. வேறு இடங்களில் எவ்வாறென்பதை ஒப்பந்தத்தைப் படித்தே அறிய வேண்டும். ஆங்கில ஒப்பந்தம் நீளமானதென்று படியாமல் 'சம்மதம்' என்று தட்டிவிடும் பழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. எழுத்தையே தொழிலாகக் கொள்ளப் போகின்றவர் தம்மைக் கட்டுப்படுத்தும் எழுத்தைப் படிக்கச் சோம்புவது விந்தைதான். கதையும் கவிதையும் எழுதும் கைகள் தம் சொந்தப் படைப்பை இந்நிலையங்களின் பக்கம் கொண்டுபோகாதிருப்பதே நன்று. அதனைச் சஞ்சிகைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொய்களைப் பார்ப்போம். "பதிவுக் கட்டணம் செலுத்துங்கள், பயிற்சிக் கட்டணம் செலுத்துங்கள், பிறகு வேலை தருகின்றோம்" என்று கேட்கும் இடத்தை விட்டு உடனே விலகிவிடுங்கள். முகவர் நிலையத்துக்கு வருமானம் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டுமேயன்றி எழுத்தாளரிடமிருந்து வரலாகாது. இன்னொரு தந்திரம் நூதனமானது. மாதிரி என்ற பெயரில் ஆயிரத்தைந்நூறு சொற்கட்டுரையை, அதுவும் ஒரு குறிப்பிட்ட கடையின் பொருளைப் பற்றி, இலவசமாக எழுதி வாங்கிக்கொள்வர். பத்துப் பேரிடம் பத்து மாதிரி வாங்கினால் அவர்களுக்குப் பத்துக் கட்டுரை இலாபம். மூன்றாவது வகையினர் "உமது பெயரிலுள்ள கணக்கை எமக்கு வாடகைக்குத் தாரும்" என்பர். அடையாள அட்டை உங்களுடையது, அகப்படுபவரும் நீங்களே.

இவையெல்லாம் பணத்துக்கு வரும் ஆபத்து. இவற்றினும் பெரிதென நாம் கருதும் ஆபத்து வேறொன்று உண்டு. அதனை மாணவர் பகுதியிற் சொல்லாமல் விடுவது எமக்குச் சரியாகப் படவில்லை.

சொல்லுக்கு ஒரு சதம் கொடுக்கும் இடங்களுக்கு நடுவே, பக்கத்துக்குப் பல டொலர் கொடுக்கும் இடங்கள் சில காணப்படும். "கல்விசார் எழுத்து" என்று அவை தம்மை அழைத்துக்கொள்ளும். விசாரித்துப் பார்த்தால், வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் தாமே எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படையை வேறொருவர் எழுதிக் கொடுப்பதே அத்தொழில். அவுஸ்திரேலியாவில் 2014இல் மைமாஸ்டர் என்னும் தளம் இவ்வாறு ஒப்படைகள் விற்றதை ஒரு சிட்னிப் பத்திரிகை அம்பலப்படுத்தியபோது, பல பல்கலைக்கழகங்கள் விசாரணை நடத்த நேர்ந்தது. பின்னர் 2020இல் அந்நாடு அத்தகைய சேவையைச் சட்டத்தால் தடைசெய்தது. இங்கிலாந்தும் 2022இல் ஒரு கல்விச் சட்டத்தின் மூலம் அதனைக் குற்றமாக்கியது.

பணமுடை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதை விலக்குவது எளிதென்று நாம் சொல்லமாட்டோம். மற்றைய வேலையிற் பத்து நாளில் வரும் தொகை இதில் இரண்டு நாளில் வரும். எழுதுபவரோ எங்கோ ஓர் ஊரில், பெயரற்று, எட்டாத் தூரத்தில் இருப்பவர். சட்டம் தம்மைத் தேடி வராதென்று நினைப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உயர்தரப் பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்தமையாற் பல்கலைக்கழக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் வாழும் நாடு இது. அப்பிள்ளைகளுள் ஒருவர், பிறிதொரு நாட்டில் வகுப்புக்கே போகாத ஒருவர் பட்டம் பெறுவதற்குத் தம் அறிவைப் பக்கக் கணக்கில் விற்பதை எண்ணிப் பாருங்கள். அறிவு இவரிடம், பட்டம் அவரிடம். எமக்கு இது வெறும் சட்டப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. பெற்றோரும் பிள்ளை கொண்டுவரும் தொகையை மட்டும் கேளாமல், "இன்று என்ன எழுதினாய்?" என்றும் கேட்பது நன்று. சொல்லத் தயங்கும் பிள்ளை ஏன் தயங்குகின்றது என்பதை ஆறுதலாக விசாரியுங்கள். அதட்ட வேண்டாம்.

வாங்காத பொருளை வாங்கியதாகவும், தங்காத விடுதியில் தங்கியதாகவும் புகழ்ந்தெழுதும் பொய் மதிப்புரையும் இதே இனம். 2015இல் அமேசன் நிறுவனம் அவ்வாறு மதிப்புரை விற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோர்மீது வழக்குத் தொடுத்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2024இல் பொய் மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியையும் வெளியிட்டது.

இவ்வளவும் வாசித்த வாசகர் ஒருவர், "இப்போது கணினியே கட்டுரை எழுதுகின்றதே, பிள்ளைக்கு வேலை எங்கே இருக்கப் போகின்றது?" என்று கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. 2022 நவம்பர் 30இல் சட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவுப் பொறி வெளிவந்தபின் இத்தொழில் முன்போல் இல்லை. அப்வேர்க் தளத்தைப் பற்றி 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அதன் வருகைக்குப்பின் எழுத்துத் துறையிலுள்ளோரின் வேலைகள் ஏறக்குறைய 2 சதவீதமும் மாத வருமானம் 5 சதவீதமளவும் குறைந்தன என்று கண்டது. அது முதற் சில மாதங்களின் கணக்கு மட்டுமே. எவரும் எழுதக்கூடிய பொதுவான முந்நூறு சொல்லை இப்போது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்க யோசிக்கின்றார். மனிதரிடம் அவர் வாங்க விரும்புவது நேரிற் கண்டது, விசாரித்தது, அளந்தது, சரிபார்த்தது ஆகியவற்றை. பொறி எழுதியதைச் செப்பனிடும் வேலையும் இப்போது வருகின்றது. கூலி குறைவு. பொறி தைரியமாகச் சொல்லும் பொய்களைப் பிடிக்கும் பொறுப்போ பெரிது.

இதிலே நம்மவர் அறிந்திருக்க வேண்டிய ஓர் அநீதியும் உண்டு. கட்டுரை மனிதர் எழுதியதா, பொறி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் சில உள. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் அத்தகைய கருவிகள் ஏழிடம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தம் கையால் எழுதிய பரீட்சைக் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக 61 சதவீதமான கட்டுரைகளைப் பொறி எழுதியவையென்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களால் நேராக எழுதுவதே அவற்றின் கண்ணிற் குற்றமாகப் பட்டது. ஓபன்ஏஐ நிறுவனம்கூடத் தான் வெளியிட்ட இத்தகைய கருவியை, அதன் கணிப்புச் சரியில்லையென்று, 2023 ஜூலையில் மீட்டுக்கொண்டது. ஆகவே உங்கள் குறிப்புகளையும் முதற்படிகளையும் அழித்துவிடாதீர்கள். எழுதும்போதே மாற்றங்களைத் திகதியுடன் பதிந்து வைக்கும் கூகிள் டொக்ஸ் போன்றவற்றில் எழுதினால், குற்றஞ்சாட்டப்படும் வேளையில் காட்டுவதற்கு ஓர் அத்தாட்சி இருக்கும்.

பணம் வந்து சேரும் வழியையும் முதல் வசனம் எழுதுமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சில நிலையங்கள் பேபால் வழியாக மட்டும் கூலி கொடுக்கும். நம் நாட்டவர் பல ஆண்டுகளாக அதன் மூலம் பணம் செலுத்த முடிந்ததேயன்றிப் பெற முடியாதிருந்தது. உழைத்த பணம் திரையிற் தெரிய, கைக்கு வராமற் கிடந்த அவதியைப் பலர் அனுபவித்தனர். நேரடியாக வங்கிக்கு அனுப்புவார்களா, எத்தனை டொலர் சேர்ந்தபின் அனுப்புவார்கள், இடையில் எவ்வளவு கழிவு போகும் என்று மூன்றையும் எழுத்திற் கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பெரும்பாலான நிலையங்கள் ஏற்பதில்லை. அண்ணன் பெயரிலே கணக்குத் திறந்து தம்பி எழுதுவதும் மேலே சொன்ன வாடகைக் கணக்குக்குச் சமானமே.

வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டவருக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாக வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு. உச்ச விகிதம் 15 சதவீதம். தனிநபருக்கு வருடமொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரையில் நிவாரணம் உள்ளமையால், வேறு வருமானமில்லாத புதிய எழுத்தாளர் எவரும் இதற்காக இப்போதே நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் ஆரம்பித்து அடுத்த மார்ச் 31இல் முடிகின்றது. முன்னே சொன்ன ஐந்து நிரற் கொப்பியை அத்திகதிகளுக்கு ஏற்ப ஆண்டுக்கொன்றாக வைத்துக்கொண்டால், பின்னொரு காலத்தில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போக நேரும்போது தேடித் திரிய வேண்டியிராது.